ஆன்சைட்டுக்கு நான்கு வாரம்: தனிப் பயிற்சியா, மாக் இன்டர்வியூவா, கோச்சிங்கா?

சாஃப்ட்வேர் வேலைக்கான ஃபோன் ஸ்க்ரீன், அதாவது ஃபோனில் நடக்கும் முதல்கட்ட இன்டர்வியூ, முடிந்துவிட்டது. அடுத்தது ஆன்சைட் (கம்பெனிக்கே போய்க் கொடுக்கும் கடைசிக்கட்ட இன்டர்வியூ), எந்தத் தேதி வசதி என்று கேட்டு ரெக்ரூட்டரிடமிருந்து மெயிலும் வந்துவிட்டது. கையில் நான்கு வாரம் இருக்கிறது. பகலில் ஆபீஸ், மாலையில் சென்னை ஓ.எம்.ஆர். சாலை நெரிசல், வீடு வந்து சாப்பிட்டபின் மிஞ்சுவது ஒன்றரை, இரண்டு மணி நேரம். அதை எதில் போடுவது? லீட்கோட் என்ற கோடிங் பயிற்சித் தளத்தைத் திறந்துவைத்துத் தனியாக ப்ராப்ளம் போடலாம். நண்பரை எதிரே உட்காரவைத்து மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை இன்டர்வியூ, எடுக்கச் சொல்லலாம். பணம் கட்டி கோர்ஸிலோ கோச்சிங்கிலோ சேரலாம். வேறு கம்பெனிகளின் நிஜ இன்டர்வியூவுக்கே போய்ப் பழகலாம். நான்குமே பலன் தரும். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறையைத்தான் தீர்க்கும், எல்லாவற்றுக்கும் நேரமும் கிடையாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபோன் ஸ்க்ரீனைத் தாண்டிய ஒருவருக்கு இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் குறைவது அல்காரிதம் அறிவு அல்ல. இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யோசிப்பதும், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்வதும், சொன்னதைப் பிழையில்லாமல் எழுதுவதும்தான். அதனால் மாக் இன்டர்வியூவுக்கு முதலிடம் கொடுப்பேன். தனிப் பயிற்சிக்கு இரண்டாமிடம். கோச்சிங் நான்கு வாரக் கணக்கில் வராது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், அந்த நாளில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். பெரிய கம்பெனிகளில் ஆன்சைட் என்பது நான்கைந்து ரவுண்ட். கூகுளில் ஒவ்வொன்றும் பொதுவாக 45 நிமிடம். நான்கு இன்டர்வியூ செய்தாலே 86 சதவீத உறுதியோடு ஒருவரைப் பற்றி முடிவெடுக்க முடிகிறது என்று தங்கள் பழைய பதிவுகளை ஆராய்ந்து அவர்களே சொன்னார்கள். மெட்டாவில் ஒரு கோடிங் ரவுண்டில் இரண்டு ப்ராப்ளம் வரும், அறிமுகப் பேச்சு போக ஒன்றுக்கு இருபது நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. அமேசானில் கோடிங்குக்கு நடுவிலேயே அவர்களுடைய 16 லீடர்ஷிப் பிரின்சிபிள்களை ஒட்டிய கேள்விகளும் வரும். ஆள் எடுக்கும் டீமைச் சேராத 'பார் ரெய்சர்' ஒருவர் லூப்பில் (இந்த ரவுண்டுகளின் வரிசையில்) இருப்பார், அவர் சம்மதிக்காமல் ஆஃபர் வராது. நம்மூர் ஜோஹோ வேறு மாதிரி. அங்கே ரயில் முன்பதிவு போன்ற ஒரு சிறு அப்ளிகேஷனை உட்கார்ந்து கட்டச் சொல்லும் ரவுண்ட் பெயர்பெற்றது. எந்தக் கம்பெனி என்று தெரியாமல் தயாரிப்பைத் திட்டமிட முடியாது.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2020-இல் கொரோனா வந்தபின் ஆன்சைட் என்ற பெயர் மட்டும் இருந்தது, நடந்தது வீடியோ காலில். இப்போது ஏ.ஐ. கருவியைத் திரையில் மறைத்துவைத்துப் பதில் சொல்பவர்கள் பெருகியதால் நேரில் கூப்பிடுவது திரும்பி வருகிறது. ஒரு ரவுண்டாவது நேரில் இருக்கும்படி செய்வோம் என்று சுந்தர் பிச்சை 2025-இல் சொன்னார். மெட்டாவோ அதே ஆண்டில் ஏ.ஐ. உதவியோடு கோடு எழுதும் ரவுண்டைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியது. ஒரே கேள்விக்கு இரண்டு கம்பெனிகள் இரண்டு திசையில் போகின்றன. அதனால் உங்கள் லூப் எப்படி இருக்கும் என்பதை ரெக்ரூட்டரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். வைட்போர்டா, லேப்டாப்பா, கோடு ரன் ஆகுமா, ஆட்டோகம்ப்ளீட் இருக்குமா? கேட்பதால் யாரும் தவறாக நினைப்பதில்லை, சொல்வது அவர்கள் வேலையில் ஒரு பகுதி.

தனியாக ப்ராப்ளம் போடுவது

இதன் பலம் தெரிந்ததுதான். செலவு கிடையாது, யாருடைய நேரத்துக்கும் காத்திருக்க வேண்டாம், ராத்திரி பதினொரு மணிக்கும் செய்யலாம். லீட்கோடில் மூவாயிரத்துக்கும் மேல் ப்ராப்ளம் இருக்கிறது. எல்லாவற்றையும் தொட யாராலும் முடியாது என்பதால்தான் 75 ப்ராப்ளங்களை மட்டும் தொகுத்த 'பிளைண்ட் 75' போன்ற பட்டியல்கள் புகழ்பெற்றன. நான்கு வாரத்துக்கு அப்படி ஒரு பட்டியல் தாராளம். இன்னும் பெரிய பட்டியலைத் தேடிக்கொண்டு திரிவதில் பயனில்லை.

எப்படிப் போடுகிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம். பெரும்பாலானவர்கள் தலைப்பு வாரியாகப் போகிறார்கள். இந்த வாரம் ஸ்லைடிங் விண்டோ, அடுத்த வாரம் ட்ரீ, அப்புறம் டைனமிக் ப்ரோகிராமிங். ஸ்லைடிங் விண்டோ வாரத்தில் பத்தாவது ப்ராப்ளத்தைத் தொடும்போது விடை சரசரவென்று வரும், நன்றாகப் பிடிபட்டுவிட்டது என்ற நிறைவும் வரும். ஆனால் அங்கே கடினமான பாதியை உங்களுக்காகத் தலைப்பே செய்துவிட்டது. இன்டர்வியூவில் யாரும் "இது ஸ்லைடிங் விண்டோ" என்று சொல்லித் தரமாட்டார்கள். எந்த வழி என்று கண்டுபிடிப்பதே பாதிக் கேள்வி.

இதைக் கணிதப் பயிற்சியில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ரோரர், டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அது. கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்ம வடிவங்களின் கன அளவைக் கணக்கிடக் கற்றுத்தந்தார்கள். ஒரு குழு வகை வாரியாகப் பயிற்சி செய்தது, இன்னொரு குழு எல்லாவற்றையும் கலந்து செய்தது. பயிற்சியின்போது வகை வாரியாகச் செய்தவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து செய்தவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். கலந்து செய்தவர்கள் 63, வகை வாரியாகச் செய்தவர்கள் 20.

ஆக, முதல் வாரத்தில் தலைப்பு வாரியாக ஒரு சுற்று தூசு தட்டுங்கள். அதன்பின் பட்டியலைக் கலைத்துப் போட்டு, தலைப்பை மறைத்துவிட்டு, கண்ணில் படும் ப்ராப்ளத்தை எடுங்கள். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும், இரண்டுக்கு ஒன்றில் மாட்டிக்கொள்வீர்கள். அந்த எரிச்சலைத் தாங்குங்கள்.

மொழி பற்றிக் கேட்பவர்கள் உண்டு: ஜாவாவை விட்டுவிட்டு பைத்தானுக்கு மாறலாமா? பைத்தானில் எழுத்து குறைவு, நேரம் மிச்சம், உண்மைதான். ஆனால் நான்கு வாரத்துக்கு முன்னால் மொழி மாறுவது வேண்டாம். தினமும் எழுதும் மொழியிலேயே போங்கள். ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் ஒரு கவனம் தேவை. அதில் ஹீப் (இருப்பதில் சிறியதையோ பெரியதையோ உடனே எடுத்துத் தரும் அமைப்பு) தயாராகக் கிடையாது, கேள்வி வந்தால் நீங்களே எழுத வேண்டியிருக்கும்.

ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது

தனிப் பயிற்சி தொடாத இடம் ஒன்று இருக்கிறது. நார்த் கரோலைனா ஸ்டேட் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. 48 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் வழக்கமான இன்டர்வியூ போல, பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் முன்னால் பேசிக்கொண்டே வைட்போர்டில் எழுத வேண்டும். மீதிப் பேர் அறையில் தனியாக, அதே மாதிரி வைட்போர்டில் எழுத வேண்டும். பார்க்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழே போனது. அந்தச் சிறு குழுவில் ஒருவர் முன்னால் எழுதிய பெண்களில் ஒருவர்கூட முடிக்கவில்லை. தனியாக எழுதிய பெண்கள் அத்தனை பேரும் முடித்தார்கள். ப்ராப்ளம் ஒன்றுதான், மாறியது சூழல் மட்டுமே.

இது இன்டர்வியூ முறையின் குறை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, கம்பெனிகள் திருத்திக்கொள்ள வேண்டிய விஷயம். ஆனால் உங்கள் லூப் அடுத்த மாதம். அதற்குள் அவர்கள் மாறப்போவதில்லை, பழகிக்கொள்ள வேண்டியது நாம்தான்.

எல்.ஆர்.யு. கேஷ் என்ற ப்ராப்ளத்தை எடுத்துக்கொள்வோம். கேஷ் என்பது அடிக்கடி வேண்டியவற்றை உடனே எடுக்க வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பு. லீட்கோடில் 146-ஆம் எண், இன்டர்வியூக்களில் அடிக்கடி வருவது. கேஷில் இத்தனை பொருளுக்குத்தான் இடம், நிரம்பினால் நெடுநேரம் தொடப்படாததை வெளியே தள்ள வேண்டும், எடுப்பதும் வைப்பதும் மாறாத நேரத்தில் நடக்க வேண்டும். விடை பலருக்கும் மனப்பாடம்: கீயைச் சொன்னால் பொருளைத் தரும் ஒரு ஹாஷ்மேப், முன்னும் பின்னும் சுட்டும் நோடுகள் கொண்ட ஒரு டபிள் லிங்க்ட் லிஸ்ட். வீட்டில் எழுதினால் பத்துப் பதினைந்து நிமிடம், ரன் கொடுத்தால் பச்சை.

இதையே ரன் பட்டன் இல்லாத இடத்தில், ஒருவர் முன்னால் எழுதிப் பாருங்கள். நோடுக்குள் மதிப்பை மட்டும் வைத்து எழுதுபவர்கள் ஏராளம். இடம் இரண்டு என்று வைத்துக்கொண்டு நடத்திப் பார்ப்போம். 1-ஐ வை, 2-ஐ வை, 1-ஐ எடு, 3-ஐ வை. இப்போது 2 வெளியே போக வேண்டும். லிஸ்ட்டின் வாலில் இருக்கும் நோடைக் கழற்றிவிடலாம், சரி. மேப்பிலிருந்தும் நீக்க வேண்டுமே, எந்தக் கீயை நீக்குவது? நோடில் கீ இல்லை. கீயையும் நோடுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். வீட்டில் சிவப்பாக ஒரு பிழை வரும், பத்து நொடியில் திருத்திவிட்டு மறந்தும்விடுவோம். எதிரே ஆள் இருந்தால், கையால் இப்படி நடத்திப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்தான் அதைத் தானே கண்டுபிடிப்பார்.

அதோடு முடிவதில்லை. லிஸ்ட் ஏன் இரண்டு பக்கமும் சுட்ட வேண்டும், ஒரு பக்கம் போதாதா என்று கேட்பார்கள். நடுவில் இருக்கும் நோடைக் கழற்ற அதற்கு முந்தையது எது என்று தெரிய வேண்டும், ஒரு பக்க லிஸ்ட்டில் அதற்காக முதலிலிருந்து நடக்க வேண்டியிருக்கும் என்று சொல்லத் தெரிய வேண்டும். பல த்ரெட் (ப்ரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் வந்தால்? இங்கே எடுப்பதுகூட வரிசையை மாற்றுகிறது, ஆகவே படிப்பதும் எழுதுவதுதான், பலரை ஒன்றாகப் படிக்க மட்டும் விடும் ரீட் லாக் போதாது. இந்த உரையாடலை லீட்கோட் உங்களோடு நடத்தாது.

இன்னொரு காரணமும் உண்டு. கூகுளில் உங்களை இன்டர்வியூ செய்தவர் தனியாக முடிவெடுப்பதில்லை. அவர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்துத்தான் ஒரு கமிட்டி பார்க்கிறது. நீங்கள் மனதுக்குள் மூன்று வழிகளை எடைபோட்டு மூன்றாவதைத் தேர்ந்திருக்கலாம். வாயைத் திறந்து சொல்லாவிட்டால் குறிப்பில் ஏறாது. நம்மில் பலர் கணக்குப் போடும்போது மௌனமாகப் போட்டே வளர்ந்தவர்கள். பரீட்சை ஹாலில் உதடு அசைந்தாலே அதட்டு விழும். பேசிக்கொண்டே யோசிப்பது தானாக வராது, பழக்கித்தான் வரவைக்க வேண்டும்.

மாக் இன்டர்வியூவை யாரோடு செய்வது? நண்பர், பணம் வாங்கும் தளம், ஏ.ஐ. என்று மூன்று வழி இருக்கிறது. நண்பரோடு செய்வதில் ஒரே ஆபத்து, அவர் நல்லவராக இருப்பது. இரண்டு நிமிடம் மௌனம் வந்தாலே "மச்சான், ஹாஷ்மேப் யோசிச்சியா?" என்று எடுத்துக்கொடுத்துவிடுவார். முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: ப்ராப்ளத்தை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும், 45 நிமிடம் கடிகாரம் ஓட வேண்டும், நீங்கள் கேட்காமல் குறிப்பு தரக் கூடாது, முழுவதும் இங்கிலீஷில் நடக்க வேண்டும். முடிந்தபின் தமிழில் கால் மணி நேரம் அலசுங்கள். எங்கே நீங்கள் பேச்சை நிறுத்தினீர்கள், எங்கே கேள்வியைச் சரியாகக் கேட்காமலே எழுத ஆரம்பித்தீர்கள் என்று அவர் எழுதிவைத்தால் இன்னும் நல்லது. பதிலுக்கு நீங்களும் அவருக்கு எடுங்கள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரைக் கவனித்தால், விடையைவிட அதற்குப் போகும் பாதை எவ்வளவு கண்ணில் படுகிறது என்று நேரடியாகத் தெரியும்.

ஆபீஸில் உள்ளவர்களிடம் கேட்கத் தயங்குவீர்கள், வேலை தேடுவது வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் நியாயமானது. பழைய கல்லூரி நண்பர், முன்னாள் டீமில் இருந்த சீனியர் அண்ணா, அக்கா யாராவது இருப்பார்கள். அப்படி யாரும் இல்லையென்றால் முன்பின் தெரியாதவரோடு ஜோடி சேர்த்துவிடும் தளங்களுக்குப் போகலாம். அந்தக் கம்பெனியிலேயே இன்டர்வியூ எடுத்தவரோடு காசு கொடுத்து ஒரு மணி நேரம் உட்காருவது, கடைசி இரண்டு வாரத்தில் ஒன்றிரண்டு முறை என்றால் தகும். அவர் சொல்லும் "இது எங்கள் லெவலுக்குப் போதாது" என்ற ஒரு வார்த்தையை நண்பரால் சொல்ல முடியாது. ஏ.ஐ.யோடு பேசிப் பழகுவது அடுத்த கேள்வியைக் கேட்க வைப்பதற்கும், எழுதிய கோடில் ஓட்டை தேடுவதற்கும் மிக நல்லது. ஆனால் அதன் முன்னால் யாருக்கும் கை நடுங்குவதில்லை. நாம் பழக வேண்டியது அந்த நடுக்கத்தோடுதான்.

கோர்ஸும் கோச்சிங்கும்

கோச்சிங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது வேறொரு ஆளுக்கானது. மெக்கானிக்கலோ ஈ.சி.ஈ.யோ படித்துவிட்டு சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்து, நான்கைந்து வருடம் சப்போர்ட் வேலையிலேயே போய்விட்டது, டேட்டா ஸ்ட்ரக்சரை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை என்றால், ஆறு மாதத் திட்டத்தோடு ஒரு வகுப்பில் சேர்வது நல்ல முடிவு. தனியாகப் பழகினால் மூன்றாவது வாரம் விட்டுவிடுவோம் என்று தெரிந்தவருக்கும் வகுப்பின் ஒழுங்கு கைகொடுக்கும். அவருக்கு இன்னும் ஆன்சைட் மெயில் வந்திருக்காது என்பதுதான் விஷயம்.

சேர்வதற்கு முன் இரண்டைப் பாருங்கள். நீங்கள் எழுதும் கோடை ஓர் ஆள் படித்துத் திருத்துவாரா, அல்லது பதிவுசெய்த வீடியோதானா? அடுத்தது பணம். கட்டணம் லட்சங்களில் போகும்போது "மாசத் தவணைதானே" என்பார்கள். அந்தத் தவணை பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எழுதப்படும் கடன். வகுப்பைப் பாதியில் விட்டாலும் தவணை தானாக நிற்காது, கட்டத் தவறினால் சிபில் ஸ்கோரில் தெரியும். ரீஃபண்ட் விதியை வாய்ச்சொல்லாக நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள்.

யூடியூப் வீடியோக்களுக்கு ஒரே விதி: ப்ராப்ளத்தைச் சொன்னதும் நிறுத்துங்கள், இருபது நிமிடம் போராடுங்கள், அப்புறம் பாருங்கள்.

டிசைனும் கதைகளும்

மூன்று, நான்கு வருட அனுபவத்துக்கு மேல் போனால் ஒரு பெரிய சிஸ்டத்தை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்கும் சிஸ்டம் டிசைன் ரவுண்ட் வரும். எட்டு, பத்து வருடக்காரருக்கு லெவலைத் தீர்மானிப்பதே அதுதான். இங்கேயும் அதே தேர்வு: வீடியோ பார்ப்பதா, தானே வரைவதா? வீடியோ சொற்களைத் தரும். லோட் பேலன்சர், கேஷ், க்யூ, ஷார்டிங் எல்லாம் வாயில் வந்துவிடும். எது எங்கே ஏன் என்பது வராது.

தட்கல் முன்பதிவை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. அந்த நிமிடத்தில் ஊரே ஒரே ரயிலைக் கேட்கிறது. கேஷ் போட்டுத் தப்பிக்க முடியாது, ஏனென்றால் ஒரே பெர்த்தை இரண்டு பேருக்கு விற்றுவிடக் கூடாது. பணம் கட்டி முடியும்வரை இடத்தைப் பிடித்துவைக்க வேண்டும். பணம் போகாவிட்டால் எவ்வளவு நேரத்தில் விடுவிப்பது? பணம் போய்விட்டது, ஆனால் பதில் வரும் வழியில் அறுந்துவிட்டது என்றால்? அதே கோரிக்கை இரண்டாம் முறை வந்தால் இரண்டு டிக்கெட் ஆகாமல் இருக்க என்ன செய்வது? இந்த மூன்று கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொல்லப் பழகியவர், ஹோட்டல் முன்பதிவோ சினிமா டிக்கெட்டோ எது வந்தாலும் சமாளிப்பார். கணக்கும் கையில் இருக்கட்டும்: ஒரு நாளுக்கு 86,400 நொடி, ஆகவே தினம் 10 கோடி கோரிக்கை என்றால் சராசரி நொடிக்குச் சுமார் 1,160. தட்கலுக்கு அந்தச் சராசரி உதவாது, உச்ச நேரம்தான் எல்லாம் என்று நீங்களே சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அதைவிட நல்ல பயிற்சி, இப்போது வேலை பார்க்கும் சிஸ்டத்தையே வரைவது. எங்கே உடைந்தது, ராத்திரி இரண்டு மணிக்கு எது எழுப்பியது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் பிஹேவியரல், அதாவது வேலையில் நீங்கள் நடந்துகொண்ட விதம் பற்றிய கேள்விகள். குறைந்த நேரத்தில் அதிகப் பலன் தருவது இது, எல்லோரும் கடைசி ராத்திரிக்குத் தள்ளிவைப்பதும் இதையே. உங்கள் வேலையிலிருந்து ஏழெட்டு நிகழ்ச்சிகளை எழுதிவையுங்கள். மேலதிகாரியோடு கருத்து வேறுபட்டது, கெடுவைத் தவறவிட்டது, யாரும் கேட்காமல் ஒன்றைச் சரிசெய்தது என்று. ஒரே நிகழ்ச்சி அமேசானின் இரண்டு மூன்று பிரின்சிபிளுக்குப் பொருந்தும்.

நம்மவர்கள் இங்கே சறுக்குவது அடக்கத்தால். "நாங்கள் பேட்ச் ஜாபை வேகப்படுத்தினோம்" என்பார்கள். தன்னைப் பற்றிப் பெரிதாகப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு 'நான்' என்று ஆரம்பிக்க நா கூசும். எதிரில் இருப்பவருக்கோ உங்கள் பங்கு என்னவென்று தெரிந்தால்தான் எழுத முடியும். "ஆறு மணி நேரம் ஓடிய ஜாபை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாக டேட்டாபேஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. மொத்தமாக எடுக்கும்படி மாற்றினேன். டெஸ்டிங்கை இன்னொருவர் பார்த்துக்கொண்டார்." இதில் பெருமை ஒன்றும் இல்லை, அடுத்தவர் பங்கும் மறைக்கப்படவில்லை. இந்தக் கதைகளையும் மாக் இன்டர்வியூவிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுதும்போது இரண்டு நிமிடமாகத் தோன்றுவது பேசும்போது ஆறு நிமிடம் ஆகும்.

நிஜ இன்டர்வியூவில் பழகுவது, நேரத்தைப் பிரிப்பது

பிடித்த கம்பெனியைக் கடைசியில் வைத்து, முன்னால் இரண்டு இடங்களில் ஏறிவிட்டு வருவது பலர் செய்வது. நிஜப் பதற்றம் அங்கேதான் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் லீவு செலவாகும், ஆஃபர் முன்னதாக வந்தால் பதில் சொல்லச் சில நாள்தான் தருவார்கள், 90 நாள் நோட்டீஸ் பீரியடில் இருப்பவருக்குக் கணக்கு இன்னும் சிக்கலாகும். சேரவே மனமில்லாத இடத்துக்குப் பயிற்சிக்காகப் போவது எனக்கு உவப்பில்லை. அந்தப் பக்கம் ஒருவர் தன் வேலையை நிறுத்திவிட்டு வந்து உட்காருகிறார். ஆஃபர் வந்தால் யோசிப்பேன் என்ற இடங்களுக்கு மட்டும் போங்கள்.

நேரப் பங்கீட்டை இப்படிச் செய்வேன். கல்லூரி முடித்து ஓரிரு வருடம் ஆனவர் பாதி நேரத்தைக் கலந்துபோட்ட ப்ராப்ளங்களுக்கும், மீதியில் பெரும்பகுதியை மாக்குக்கும் கொடுக்கலாம், டிசைன் தேவையில்லை. நான்கைந்து வருடக்காரருக்கு மூன்றில் ஒரு பங்கு ப்ராப்ளம், ஒரு பங்கு மாக், மீதியில் டிசைனும் கதைகளும். பத்து வருடக்காரர் கோடிங்கைத் துரு ஏறாத அளவுக்கு வைத்துக்கொண்டு பாதி நேரத்தை டிசைனில் போட வேண்டும், அதையும் ஒருவர் முன்னால் பேசி வரைய வேண்டும். மூவருக்குமே முதல் மாக் முதல் வார இறுதியிலேயே நடக்கட்டும். "இன்னும் தயாராகவில்லை, கொஞ்சம் படித்துவிட்டு" என்று தள்ளினால் அது மூன்றாவது வாரத்துக்குப் போய்விடும். முதல் மாக் மோசமாகப் போகும். எதைப் படிக்க வேண்டும் என்று அதுதான் காட்டிக்கொடுக்கும்.

நேரில் வைட்போர்டு என்று சொல்லியிருந்தால் கடைசி வாரம் கீபோர்டை விட்டுவிடுங்கள். வீட்டில் போர்டு இல்லையென்றால் பெரிய தாளும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். இடது மேல் மூலையிலிருந்து தொடங்கி, வரிக்கு வரி இடம் விட்டு எழுதுங்கள். நடுவில் ஒரு வரி சேர்க்க வேண்டி வந்தே தீரும்.

முதல் மாக் முடிந்தபின் தேதி நெருக்கமாகத் தெரிந்தால் ரெக்ரூட்டரிடம் அதை ஒன்றிரண்டு வாரம் தள்ளிவைக்கக் கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள், இன்டர்வியூ எடுப்பவர்களின் காலண்டரை அவர்கள் இன்னும் பிடித்திருக்காத நிலையில் கேட்டால் சுலபம். அதனால் அந்த மெயிலை வார இறுதிக்கு விடாமல் திங்கள் காலையே போட்டுவிடுங்கள்.